கனமான ரெட் ஒயினுக்கு நம்ம ஊர் எறச்சிக்கறி சரிப்படுமா?

மார்த்தாண்டம் மருமகள்:

எல்லாருக்கும் வணக்கம். கொழுந்தன் துபாயிலிருந்து லீவுக்கு வந்தபோது திருவனந்தபுரம் ஏர்போர்ட் வழியாக இரண்டு பாட்டில் ரெட் ஒயின் கொண்டுவந்திருக்கிறான். ஒன்று ஆஸ்திரேலியாவின் பாரோசா பகுதி ஷிராஸ், லேபிளில் ஆல்கஹால் 14.5% என்று இருக்கிறது. இன்னொன்று அர்ஜென்டினா மால்பெக், 14%. கிறிஸ்துமஸ் மத்தியானச் சாப்பாட்டுக்கு இரண்டையும் திறக்கலாம் என்று யோசனை.

எங்கள் வீட்டில் ஒயின் என்றால் மாமியார் பரணி ஜாடியில் போட்டு வைக்கும் இனிப்பு ஒயின்தான். கடை ஒயின் குடித்தது போன வருடம் அவன் கொண்டுவந்த ஒரு கேபர்னே சாவினோன் மட்டும். அன்றைக்கு அயலை மீன் புளிமுளம் வைத்திருந்தோம். ஒரு வாய் குடித்ததும் நாக்கெல்லாம் இரும்பு வாடை, அப்புறம் ஒரு கவிச்சி. அத்தான் கிளாஸை அப்படியே நகர்த்தி வைத்துவிட்டார்.

நெட்டில் தேடினால் ஸ்டேக், சீஸ், டார்க் சாக்லேட் என்று போட்டிருக்கிறார்கள். இங்கே கிறிஸ்துமஸுக்கு யார் ஸ்டேக் சுடப்போகிறார்கள்? எங்கள் மெனு இதுதான்: பீஃப் வறுவல், ஆட்டுக்கறி, மரச்சீனி அவித்தது, நெய்மீன் பொரித்தது, கடைசியில் கேக். குடிக்கிறவர்கள் எட்டுப் பேர் இருப்போம். எந்தப் பாட்டிலை எதோடு வைக்கலாம்? ஃபிரிட்ஜில் வைக்கலாமா கூடாதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குளச்சல் காத்து:

இதுக்கெல்லாம் இவ்வளவு யோசனையா அக்கா? கிளாஸில் நாலு கட்டி ஐஸ், பாதி ஒயின், பாதி கோலா. முடிந்தது விஷயம்.

மீனுக்கு ரெட் சேராது என்பதெல்லாம் வெள்ளைக்காரன் போட்ட சட்டம். நான் சூரை மீனை நல்லமிளகு போட்டு வறுத்து, அதோடு ரெட்தான் குடிக்கிறேன். ஒரு வாடையும் வந்ததில்லை. உங்கள் அயலை பழசாக இருந்திருக்கும்.

தக்கலை கப்பல்காரன்:

தங்கச்சி, முதலில் அந்த இரும்பு வாடைக் கதையை முடித்துவிடுகிறேன். அயலைமேல் பழி போட வேண்டாம், ஒயினும் கெட்டுப்போகவில்லை. ரெட் ஒயினில் இரும்புச் சத்து கொஞ்சம் உண்டு, பாட்டிலுக்குப் பாட்டில் அளவு மாறும். அது மீனின் கொழுப்போடு சேரும்போதுதான் அந்தக் கவிச்சி கிளம்புகிறது. 2009-ல் ஜப்பானில் ஓர் ஒயின் கம்பெனியின் ஆய்வாளர்கள் காய்ந்த சிப்பி இறைச்சியைப் பலவகை ஒயினில் ஊறப்போட்டுப் பார்த்தார்கள். இரும்பு கூடக்கூட கவிச்சியும் கூடியது. இரும்பைக் கட்டிப்போடுகிற ஒரு பொருளைச் சேர்த்ததும் வாடை அடங்கியது. அயலை, சாளை இரண்டும் எண்ணெய் மீன். கேட்கவா வேண்டும்?

குளச்சல் தம்பி சொல்வதும் பொய் இல்லை. இரும்பு குறைந்த ஒயின் அவர் கையில் மாட்டியிருக்கும். சூரை எறச்சி மாதிரி கட்டியான மீன், மேலே நல்லமிளகு வேறு. அந்தக் கோலா சமாசாரமும் அவர் கண்டுபிடித்தது இல்லை, ஸ்பெயினில் பாஸ்க் நாட்டுக்காரர்கள் திருவிழாவில் அப்படித்தான் குடிப்பார்கள். ஆனால் மலிவு ஒயினுக்கு அது. பாரோசா ஷிராஸில் கோலா ஊற்றினால் கொழுந்தன் அடுத்த லீவுக்கு வெறுங்கையோடுதான் வருவான்.

நான் பயணிகள் கப்பலில் டைனிங் ஹாலில் ஒயின் ஊற்றுகிற வேலை பார்த்தவன். மேல்தளத்தில் ஸ்டேக்கும் ஆட்டு விலாவும் போகும், கூடவே பரோலோ, பாரோசா ஷிராஸ், நாப்பா கேபர்னே என்று கனமான ரெட் ஒயினாகப் போகும். சர்வீஸ் முடிந்ததும் பாட்டில் அடியில் மிஞ்சியதை எங்களுக்குப் பழக்கத்துக்காக ஆளுக்கு ஒரு மடக்கு தருவார்கள். கீழே மெஸ்ஸில் எங்களுக்கு கோவாக்காரர் சமையல். வத்தல் மிளகாய் அரைத்துப் போட்ட செக்கச்செவேல் என்ற கோழிக்கறி. மேலே நாவல்பழமும் கிராம்புமாக மணத்த அதே ஷிராஸ், அந்தக் கறியை ஒரு வாய் தின்றபின் குடித்தால் வெறும் கசப்பும் காந்தலுமாக இருக்கும். பழம் எங்கே போனது என்றே தெரியாது. வேறொரு நாள் அதே மனிதர் நல்லமிளகு இடித்துப் போட்டுப் பன்னி எறச்சி வறுத்தார். அதே ஒயின், அன்றைக்கு அவ்வளவு சாந்தம். எறச்சி எது என்பதைவிட அதில் என்ன மசாலா என்பதைப் பார்த்துத்தான் பாட்டிலைத் திறக்க வேண்டும் என்று எனக்குப் பிடிபட்டது அந்த மெஸ்ஸில்தான். மேஜையில் பெரிய துரைமாருக்கு ஊற்றும்போது யாரும் இதைச் சொல்லித் தரவில்லை, அவர்கள் சாப்பாட்டில் மிளகாயே இல்லையே.

காரணம் இதுதான். மிளகாயின் காரத்தை உணர்கிற நரம்பு முனைதான் சூட்டையும் உணர்கிறது. ஆல்கஹாலும் அதே இடத்தைக் கிளறிவிடும். 14.5% ஒயினை வத்தல் மிளகாய்க் கறியின்மேல் ஊற்றினால் எரிகிற அடுப்பில் விறகு வைக்கிறீர்கள். போதாததற்கு டானின் இருக்கிறது.

டானின் என்பது திராட்சைத் தோலிலும் விதையிலும் இருப்பது. ஒயின் ஓக் பீப்பாயில் கிடந்தால் மரத்திலிருந்தும் கொஞ்சம் இறங்கும். கட்டன் சாயாவை நேரம்போகக் கொதிக்கவிட்டுக் குடித்தால் ஈறும் கன்னமும் இழுத்துப் பிடிக்கும் பாருங்கள், அதே துவர்ப்பு. எச்சிலில் வழவழப்புத் தருகிற புரதத்தை டானின் பிடித்துக்கொள்வதால் வாய் வறண்டுபோகிறது. சாயாவில் பால் விட்டால் துவர்ப்பு அடங்குகிறதல்லவா? பாலின் புரதம் முந்திக்கொண்டு டானினைப் பிடித்துக்கொள்கிறது. எறச்சியும் ஒயினுக்கு அதைத்தான் செய்கிறது, கொழுப்பும் உப்பும் உடன் நின்று உதவும். கனமான ஒயினுக்குக் கொழுத்த எறச்சி என்று சொல்வதன் கணக்கு இவ்வளவுதான். ஸ்டேக்தான் வேண்டும் என்று எந்த ஒயினும் கேட்கவில்லை.

சரி, உங்கள் மெனுவுக்கு வருவோம்.

ஷிராஸ் பாட்டிலை பீஃப் வறுவலுக்கு ஒதுக்குங்கள். ஷிராஸில் நல்லமிளகு மணம் வரும் என்று எழுதுவார்கள், அது கற்பனை இல்லை. ரோட்டண்டோன் என்று ஒரு பொருள், 2008-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். நம்ம நல்லமிளகுக்கு அந்த மணத்தைத் தருவதும் அதே பொருள்தான். குளிர்ந்த இடத்தில் விளையும் ஷிராஸில் அது தூக்கலாக இருக்கும். பாரோசா வெயில் பூமி, அங்கே பழுத்த பழ மணம் முந்திக்கொள்ளும், மிளகு பின்னால்தான் வரும். இன்னொரு விஷயம், ஐந்தில் ஒருவர் மூக்குக்கு ரோட்டண்டோன் எட்டவே எட்டாது. அத்தான் "எனக்கு ஒண்ணும் மணக்கல" என்றால் சண்டை பிடிக்காதீர்கள்.

வறுவல் எப்படி என்பது முக்கியம். தக்கலையில் நான் வழக்கமாக வாங்குகிற கடையில் எறச்சியை முதலிலேயே மஞ்சளும் உப்பும் போட்டு வேகவைத்துவிடுவார்கள். அப்புறம் இரும்புச் சட்டியில் தேங்காய் எண்ணெய், சின்ன உள்ளி, கறிவேப்பிலை, மெலிசாகக் கீறிய தேங்காய்க்கொத்து. கொத்தின் ஓரம் மட்டும் சிவந்து நடு வெள்ளையாக இருக்கும்போது எறச்சி விழும். சட்டியில் சத்தம் மாறும்வரை, அதாவது தண்ணீர்ச் சத்தம் போய் எண்ணெய்ச் சத்தம் வரும்வரை, கடைக்காரர் கிளறிக்கொண்டே இருப்பார். இறக்கும்போதுதான் இடித்த நல்லமிளகு ஒரு கை. முதலிலேயே போட்டால் மணமெல்லாம் ஆவியோடு போய்விடும் என்பார். அந்த கருகின ஓரம், தேங்காய்க்கொத்து, கடைசியில் விழுந்த மிளகு, இந்த மூன்றும் இருந்தால் ஷிராஸுக்கு வேறொன்றும் வேண்டாம். பீப்பாயில் கிடந்த ஒயினுக்கு ஒரு புகைவாடை உண்டு, பீப்பாயின் உட்புறத்தைத் தீயில் வாட்டித்தானே செய்கிறார்கள். அது இந்தக் கருகலோடு நன்றாக ஒட்டும்.

மால்பெக்கை ஆட்டுக்கறியோடு வையுங்கள். பிரான்சில் காவோர் பக்கத்துத் திராட்சை இது. 1853 வாக்கில் அர்ஜென்டினாவுக்குப் போய், ஆண்டீஸ் மலையடியில் மெண்டோசாவில் வேர் பிடித்தது. அங்கே தோட்டங்கள் பலவும் கடல்மட்டத்துக்கு 1000 மீட்டர் போல மேலே இருக்கின்றன, பகலில் வெயில், இரவில் குளிர். நிறம் மசி போல் இருந்தாலும் டானின் கேபர்னே அளவுக்கு முரடு இல்லை. ஆட்டுக்கறியில் எப்படியும் கொஞ்சம் வத்தல் மிளகாய் விழும். ஷிராஸைவிட மால்பெக் அதைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். கறியில் தேங்காயை வறுத்து அரைத்தால் நல்லது. பச்சைத் தேங்காய்ப்பால் விட்டால் கறி இனிப்புப் பக்கம் சாயும், ஒயின் புளிப்பாகத் தெரியும்.

மரச்சீனி உப்புப் போட்டு அவித்தது என்றால் ரொம்ப நல்லது, நடுநடுவே வாயைத் துடைத்துவிடும். ஆனால் தொட்டுக்கொள்ளக் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தி அரைத்தால் ஒயினை அன்றைக்குத் திறக்கவே வேண்டாம். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, காந்தாரி ஒரு துணுக்கு பட்டாலும் அடுத்த கால் மணி நேரம் எந்த ஒயினும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

நெய்மீனை முதலில் தனியாக, எலுமிச்சை பிழிந்து, ஒயின் இல்லாமல் சாப்பிட்டு முடியுங்கள்.

ஃபிரிட்ஜ் கேள்வி. ரெட் ஒயினை ரூம் டெம்பரேச்சரில் குடிக்க வேண்டும் என்று படித்திருப்பீர்கள். அது ஐரோப்பாவின் பழைய கல்வீட்டு அறை, 16 முதல் 18 டிகிரி. மார்த்தாண்டத்தில் டிசம்பர் மத்தியானத்தில்கூட 30 இருக்கும். அந்தச் சூட்டில் ஊற்றினால் ஸ்பிரிட் வாடைதான் முதலில் மூக்கில் ஏறும். முக்கால் மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள். இரவே வைத்துவிடாதீர்கள், ரொம்பக் குளிர்ந்தால் டானின் தூக்கலாகத் துவர்க்கும். ஷிராஸைச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு கண்ணாடி ஜக்கில் ஊற்றிவிடுங்கள், காற்றுப் பட்டால் மணம் விரியும். கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள்.

குடிக்கும் விதம் பற்றியும் ஒரு வார்த்தை. முதல் மடக்கை எறச்சி தொடாமல் குடியுங்கள். கொஞ்சம் வாயில் வைத்து மெல்லுவதுபோல் சுற்றவிடுங்கள். மேல் உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே இழுத்தால் டானின். நாக்கின் ஓரத்தில் எச்சில் ஊறினால் புளிப்பு. விழுங்கியபின் தொண்டையில் சூடு இறங்கினால் ஆல்கஹால். இப்போது ஒரு துண்டு பீஃப் தின்றுவிட்டு அடுத்த மடக்கு. முதலில் இழுத்த ஈறு இப்போது இழுக்கிறதா என்று மட்டும் பாருங்கள். நாவல், கருப்புத் திராட்சை, புகையிலை என்று ஆளாளுக்கு ஒரு பெயர் சொல்வதெல்லாம் அப்புறம்.

பூதப்பாண்டி வாசி:

கப்பல்காரர் அண்ணாச்சி, நல்ல விளக்கம். ஒரு சந்தேகம். வீட்டில் போடுகிற பரணி ஒயினையே நன்றாக ஊறவிட்டால் இந்தக் கனம் வராதா? எங்கள் வீட்டில் கம்பத்துப் பன்னீர் திராட்சை, சீனி, ஈஸ்ட், கொஞ்சம் கோதுமை, கிராம்பு, பட்டை போடுவோம். நிறம் நல்ல கறுப்பாகத்தான் வருகிறது. துபாயிலிருந்து ஆள் வராதவர்கள் என்ன வாங்குவது என்பதையும் சொன்னால் உபகாரம்.

மார்த்தாண்டம் மருமகள்:

அண்ணாச்சி, ரொம்ப நன்றி, மாமியாருக்கும் வாசித்துக் காட்டினேன். "அவன் சொல்றதுக்காக நான் மிளகாயைக் குறைக்கணுமா?" என்று ஒரே சிரிப்பு. பீஃப்பில் வத்தல் மிளகாய் குறைந்தால் மற்றவர்கள் சாப்பிட மாட்டார்கள், அதுதான் நிலைமை. அப்புறம், கேக்குக்கு ஒன்றும் சொல்லவில்லையே? இன்னொன்று, சித்தி எறச்சி தொடமாட்டார்கள், ஆனால் ஒரு கிளாஸ் ஒயின் குடிப்பார்கள். அவர்களுக்கு என்ன வைப்பது?

தக்கலை கப்பல்காரன்:

மாமியார் சொல்வதுதான் நியாயம், ஒரு பாட்டிலுக்காக வீட்டுச் சமையலை மாற்றக் கூடாது. எறச்சி வெந்ததும் ஒயின் குடிக்கிறவர்களுக்கு மட்டும் ஒரு பங்கைத் தனியே எடுத்துவையுங்கள், மிளகாய்த்தூள் விழுவதற்கு முன்னால். அதைத் தனிச் சட்டியில் நல்லமிளகு போட்டு வறுங்கள். உப்பு ஒரு சிட்டிகை தூக்கலாக இருக்கட்டும், உப்பு கசப்பை அடக்கும். மிச்சத்தை மாமியார் இஷ்டப்படி சிவக்கச் சிவக்கச் செய்யட்டும்.

சித்திக்குக் காளான். பீஃப் செய்கிற அதே முறையில் தேங்காய்க்கொத்தும் நல்லமிளகும் போட்டு, தண்ணீர் முழுக்க வற்றி ஓரம் முறுகும்வரை வறுக்க வேண்டும். சதசதவென்று இறக்கினால் ஒயின் கசக்கும். கத்தரிக்காய்த் தீயலும் வைக்கலாம், வறுத்த தேங்காயின் மணம் மால்பெக்குக்கு ஏற்றது. புளியை மட்டும் பாதியாகக் குறையுங்கள். கறி ஒயினைவிடப் புளிப்பாக இருந்தால் ஒயின் சப்பென்று ஆகிவிடும். உள்ளித் தீயல் வேண்டாம், உள்ளியின் இனிப்பு இடைஞ்சல்.

கேக்கோடு இந்த இரண்டு பாட்டிலையும் வைக்காதீர்கள். சாப்பாட்டில் இனிப்பு கூடினால் ஒயினில் இருக்கிற பழம் ஓடிப்போகும், புளிப்பும் துவர்ப்பும்தான் மிஞ்சும். சாக்லேட்டோடு ரெட் ஒயின் என்று நெட்டில் படம் போடுகிறார்களே, எனக்கு அதில் நம்பிக்கையே கிடையாது. கப்பலில் கேட்பவர்களுக்கு ஊற்றுவேன், பாதிக் கிளாஸ் திரும்பி வரும். கேக்குக்கு மாமியாரின் பரணி ஒயின்தான் ராஜா. கேக்கைவிட ஒயின் இனிப்பாக இருக்க வேண்டும், அது இருக்கிறது. போர்ச்சுகல் போர்ட் ஒயினை வெள்ளைக்காரன் கிறிஸ்துமஸ் கேக்கோடு குடிப்பதும் இதே காரணத்துக்குத்தான். அது 20% பக்கம் வரும், சின்னக் கிளாஸ்தான்.

பூதப்பாண்டிக்காரருக்கு: பரணி ஒயின் எனக்கும் பிடிக்கும், ஆனால் அது வேறு ஜாதி. பன்னீர் திராட்சை என்பது மஸ்கட் ஹாம்பர்க், சாப்பிடுகிற திராட்சை. சாறும் வாசனையும் உண்டு, ஒயினுக்கென்றே வளர்க்கிற கேபர்னே, ஷிராஸ் மாதிரி சின்ன மணியும் தடித்த தோலும் இல்லை. டானின் தோலில்தானே இருக்கிறது. எவ்வளவு நாள் ஊறவிட்டாலும் இல்லாதது இறங்காது. நிறம் கறுப்பாக இருப்பதால் கனம் என்று நினைக்க வேண்டாம், சர்க்கரையும் பட்டையும் சேர்ந்து வாயை நிறைக்கும், அவ்வளவுதான்.

உள்நாட்டில் வாங்குவதென்றால், நந்தி மலைப் பக்கம் குரோவர் ஜாம்பாவின் லா ரிசர்வ், கேபர்னேயும் ஷிராஸும் கலந்தது. நாசிக்கில் சுலாவின் ராசா ஷிராஸ். சோலாப்பூர் மாவட்டம் அக்லூஜில் ஃப்ராடெல்லியின் செட்டே, அது இத்தாலியச் சாஞ்சியோவேசேயும் கேபர்னேயும். மூன்றில் எறச்சி வறுவலுக்கு என் ஓட்டு லா ரிசர்வுக்கு. டாஸ்மாக் எலைட் கடையில் எது இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். ஒன்று கவனியுங்கள், பாட்டிலை வெயில் படுகிற கண்ணாடி அலமாரியில் நிறுத்தி வைத்திருந்தால் வாங்காதீர்கள். நம்ம ஊர்ச் சூட்டில் சில மாதம் அப்படி நின்றால் பழம் வெந்து உலர்திராட்சை வாடை வந்துவிடும்.

குளச்சல் காத்து:

அண்ணாச்சி, அப்போ என் சூரைக்கு எந்த ரெட் என்று ஒரு வரி சொல்லுங்கள். கோலாவை விட்டுவிடுகிறேன்.

தக்கலை கப்பல்காரன்:

கனமானது வேண்டாம் தம்பி. பினோ நுவார் மாதிரி டானின் குறைந்த மெலிசான ரெட், நன்றாகவே குளிரவைத்துக் குடி. சூரையை ரொம்ப வறுத்துக் காயவிடாதே, நடுவில் லேசாகச் சிவப்பு இருக்கட்டும்.

தங்கச்சி, கணக்கு ஒன்று விட்டுப்போனது. 750 மி.லி. பாட்டிலில் 150 மி.லி. வீதம் ஐந்து கிளாஸ் வரும். இரண்டு பாட்டிலுக்குப் பத்து. எட்டுப் பேருக்கு ஆளுக்கொரு கிளாஸ் போக இரண்டு மிஞ்சும். இரண்டையும் ருசி பார்க்க வேண்டுமென்றால் முதலில் மால்பெக்கில் அரைக் கிளாஸ், அப்புறம் ஷிராஸில் அரைக் கிளாஸ், இந்த வரிசையில் ஊற்றுங்கள். மாற்றி ஊற்றினால் மால்பெக் தண்ணீராகத் தெரியும். மிஞ்சியதை மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாலு நாள் தாங்கும். அதற்கு மேல் போனால் குடிக்க வேண்டாம், அடுத்த பீஃப் வேகும்போது அரை டம்ளர் ஊற்றுங்கள்.

கார்க் திறக்கிற திருகு வீட்டில் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். ஆஸ்திரேலியா பாட்டில் பெரும்பாலும் திருகுமூடிதான், மால்பெக்குக்குத்தான் தேவைப்படும். கிறிஸ்துமஸ் அன்றைக்குத் தேடினால் ஒரு கடையும் திறந்திருக்காது.